வரலட்சுமியின் கொட்டகை

கோவில்பதாகை, ஆவடி
18.7.93

அன்பு மகள் அருள்செல்விக்கு, அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் உன் ஆஸ்பத்திரி வேலையும் அதே போல இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி, எனக்குத் தொப்பை, இரண்டும் ஏறுமுகம். பேக்டரியில் கொடுத்த புது யூனிபாரத்தில் மேல் பொத்தான் மட்டும்தான் போட முடிகிறது, அதைப் பார்த்து அவள் சிரிப்பதால் வீட்டில் சண்டை குறைந்திருக்கிறது.

மூன்று கடிதமாக வரலட்சுமி அக்கா எப்படி, கொட்டகைப் பிள்ளைகள் எப்படி என்று கேட்கிறாய், நான் மழை, தண்ணீர் லாரி என்று கதை அடித்துவிட்டேன். அந்தக் கொட்டகை இப்போது இல்லை மகளே. நெல்லூர்ப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த வரலட்சுமி, தன்னைப் போல மண் சுமக்கிற தெலுங்குப் பெண்கள் பிள்ளைகளை எங்கே விடுவது என்று தவித்ததைப் பார்த்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக்கழிவு வாங்கி, கால் விளங்காத நாகம்மாவையும் இன்னும் நாலு பேரையும் வைத்துப் பிரித்துக் கட்டி, பட்டறைகளுக்கு மெஷின் துடைக்க விற்று, அந்த வரும்படியிலேயே முப்பது பிள்ளைகளுக்குத் தூளியும் கஞ்சியும் நடத்தினாள். நீயும் அங்கே போய்ப் பாட்டு சொல்லிக்கொடுத்தாய். படித்தவர்கள் நாங்கள் யாரும் யோசிக்காத காரியம். அதைக் கெடுத்தவன் உன் அப்பன். பிப்ரவரியில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக ஊரெல்லாம் பேச்சு. டீக்கடையில், என்னோடு பேக்டரியில் இருக்கும் துலுக்கானம், "இன்னா அண்ணாத்தே, நெசமாவா?" என்று கேட்டான். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க ஊட்டாண்ட ஒருத்தி முப்பது புள்ளய புடிச்சி வெச்சிகினு கீறா, போய்ப் பாரு, ஒண்ணுக்கும் தமிழ் வராது" என்றேன். கடையே சிரித்தது, எனக்கு இன்னொரு டீ கிடைத்தது. வாய் மாறி வாய் மாறிப் போனதில் சிரிப்பு வழியிலேயே உதிர்ந்துவிட்டது, நாலாம் நாள் பேச்சு மட்டும் திரும்பி வந்தது, கட்டையும் கையுமாக ஐம்பது பேரோடு. கொட்டகையைப் பிரித்தார்கள், துணிமூட்டைகளுக்குத் தீ வைத்தார்கள். நாகம்மா தவழ்ந்து தவழ்ந்து தூளிகளை அவிழ்த்ததால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் சென்னீர்குப்பத்தில் பழையபடி சித்தாளாக இருப்பதாகக் கேள்விப்பட்டு, போன சனிக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். அங்கே யாரோ ஒரு சித்தாளின் பிள்ளையை இடுப்பில் சேலைத்துணியால் கட்டி, மணல்மேட்டுப் பக்கம் முளைக்குச்சியில் பிணைத்திருந்தார்கள், அழுது அழுது அதற்குத் தொண்டை கட்டியிருந்தது. வரலட்சுமி சிமெண்டுச் சட்டியோடு அதைத் தாண்டிப் போனாள், குனியவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "செல்வி நல்லா கீறாளா சார்?" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்தாள். மறுபடி ஒரு கொட்டகை போடலாமே என்றேன். "வேணாம் சார், இன்னொருத்தர் புள்ளய இனிமே தொட மாட்டேன்" என்றாள். ஊரில் எல்லோரையும் பற்றிப் பேசுகிற எனக்கு என்னைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு, அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. வரலட்சுமியின் விலாசம் பின்பக்கம் இருக்கிறது, அவள் வேலை செய்யும் இடத்துக் கோவிந்தன் மேஸ்திரி படித்துக் காட்டுவார். அந்தப் பேச்சைக் கிளப்பியது யார் என்று நீயே அவளுக்கு எழுதிவிடு. அப்பாவைக் காப்பாற்றி எழுதாதே.

இப்படிக்கு
உன் அப்பா
இக்னேஷியஸ்