ஏழு நாள் சுல்தானுக்கு

ஸுஹைர்,

மாவு பிசைந்து துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். பத்து மணிக்குள் பலகையோடு தெருமுனைப் பொது ரொட்டிச் சூளைக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கி வாருங்கள். தலையில் சுமக்கக் கிரீடம் இடைஞ்சல் என்றால் கையில் பிடித்தால் போதும்.

நம் கல்யாணத்தில் உங்களைச் சுல்தான் என்று கூப்பிட்டார்கள். உங்கள் நண்பர்கள் மந்திரிகளாகச் சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளைக்கு அந்தப் பட்டம் ஏழு நாள்தான் என்பது நம் மெக்னெஸ் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாலு மாதமாகியும் உங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நேற்று மாலை அதே மந்திரிகள் முன்னால், "என் பொண்டாட்டி ராணிடா, அவளுக்கு எதுக்கு வேலை?" என்றீர்கள். ராணி அப்போது சமையலறையில் மத்தி மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். "ராணியம்மா, டீ இன்னும் வரலையே!" என்று ஒரு மந்திரி வேறு சத்தம் போட்டார். எந்த அரண்மனையில் ராணி டீ போடுகிறாள் என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். வேதியியல் பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இன்று எனக்கு முதல் நாள். ஐந்தரைக்கு வருவேன். உங்கள் அத்தை மதியம் சாப்பிட வருகிறார். ஹரீரா சூப் அடுப்பில் இருக்கிறது. அதைச் சூடாக்க மந்திரிசபையைக் கூட்ட வேண்டாம்.

விதாத்

பி.கு.: உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதினேன். என்ன கோபமானாலும் இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள், வந்து படிக்கிறேன். 'போகாதே' என்று மட்டும் எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். போய்விட்டேன்.