சந்தனம் மறைத்த விரிசல்

சுரேந்தர்,

பழைய சைக்கிள்களைப் பழுதுபார்த்து ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் ரசாக் பாயின் கடைக்கு நேற்று நீ தானமாகக் கொடுத்த சைக்கிள், இன்று காலையே கைமாறிவிட்டது. அவரே வந்து மகிழ்ச்சியோடு சொன்னார்: "பூசை போட்ட சந்தனங்கூட அழியலீங்கம்மா. நல்ல வண்டின்னு கழட்டிப் பாக்காமயே குடுத்துப்போட்டேனுங்க. காரமடைப் புள்ளையொண்ணு ஊரு வரைக்கும் அதுலயே மிதிச்சுப் போகுதுங்க."

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் இருந்த விரிசலைப் பற்றி அவரிடம் நீ ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயுத பூஜைக்கு அதன்மேல் பெயிண்ட் அடித்துச் சந்தனமும் வைத்தாய். உடைந்த பொருளைத் தானம் கொடுக்காதே என்றேன், சிரித்தாய்.

பாயும் நானும் ஆட்டோவில் மேட்டுப்பாளையம் சாலையில் அந்தப் பெண்ணைத் தேடிப் போகிறோம். மழை வலுத்திருக்கிறது. சோறும் ரசமும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுத் தொலைபேசி அருகிலேயே உட்கார், எங்கும் போகாதே.

அம்மா

எழுத விட்டுப்போனது: சைக்கிள் கொடுத்தவருக்கு நன்றி சொல்வதற்காக, நம் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் பாயிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கிப் போயிருக்கிறாள். மணி அடித்தால் எடு. பேசுவது அவளாக இருந்தால், இனி அந்த வண்டியில் ஏறக் கூடாது என்று சொல். அவளுடைய பையில் அந்தச் சீட்டைக் கண்டெடுத்த வேறு யாராவது பேசினால், விரிசல் உனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொல்.