பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழன், இரவு.

இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது எங்கள் கோயிலில் என் பொறுப்பு. வீட்டிலேயே காலை நன்றாகக் கழுவிவிட்டு வரச் சொல்லிவிடுவேன். ஆடு மேய்க்கும் அருளப்பன் மூன்று ஆண்டுகளாகக் கேட்டார். இந்த முறைதான் பெயரைச் சேர்த்தேன்.

பூசைக்கு முன் அவருடைய குதிகால் வெடிப்புகளில் கரிசல் மண் கறுத்திருந்ததைப் பார்த்தேன். குழாயடியில் இன்னொரு முறை தேய்த்துவிட்டு வரச் சொன்னேன்.

“தேச்சுட்டுத்தான் வாரேன், சார். எல்லாத்தையும் நாமளே கழுவிட்டா சாமிக்கு அங்கன என்ன வேலை?” என்று சிரித்தார். ஆனாலும் போனார்.

நற்செய்தி வாசித்து முடிந்தும் அவர் வரவில்லை. பன்னிரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது. நான் எழுந்துபோய்க் கூப்பிட்டிருக்கலாம். எல்லோரும் பார்ப்பார்களே என்று கூசி, அதில் நானே உட்கார்ந்துவிட்டேன். சாமியார் என் காலைக் கழுவித் துடைத்து முத்தமிட்டார்.

நிமிர்ந்தால் அருளப்பன் வாசலில் நிற்கிறார். கல்லால் தேய்த்திருக்கிறார். மண் போயிருந்தது. வெடிப்பில் ரத்தம் கசிந்தது.

பூசை முடிந்ததும் அருகில் வந்தார். “இப்பந்தான் சுத்தமாச்சு. பாருங்க, சார்.”

“அடுத்த வருஷம் பார்ப்போம்” என்றேன். அவருக்கு எண்பது வயது.

அன்று இயேசு, தன்னைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசின் காலையும் கழுவினார். வாசலில் நின்று யாரும் காலைச் சோதிக்கவில்லை. இத்தனை வருடம் வாசித்தும் எனக்கு இது தோன்றியதில்லை.

நாளை பெரிய வெள்ளி. சிலுவையை முத்தமிட எல்லோரும் வெறுங்காலோடு வரிசையில் நிற்போம். அவர் எனக்கு முன்னால் நின்றால் நான் எங்கே பார்ப்பேன்?