தங்கராசாவுக்குத் தண்ணீர் பருக்கியது யார்

என் அன்பின் மச்சான் தங்கராசாவுக்கு,

போதிய காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். நீ போய் நாலு வருசமாகிறது. உன் சாவைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டு, பதில் சொல்லாமல் இருந்தேன். கேட்டவர்கள் பதிலுக்குத் தகுதியானவர்கள் இல்லை என்பது என் எண்ணம். இப்போதும் அதுதான் என் எண்ணம். ஆனால் உன் மகள் கேட்டுவிட்டாள்.

போன கிழமை தர்சினி தொலைபேசி எடுத்தாள். தாதியர் படிப்பை முடித்துவிட்டாள், மச்சான். இந்த மாலைதீவில், நீயும் நானும் ஒரே அறையில் தங்கிப் படிப்பித்த, நீ கண்ணை மூடிய இதே சின்னத் தீவின் சுகாதார நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது.

“நான் வாறதுக்கு ஆயத்தம் மாமா. அம்மாதான் விடுறாவில்ல,” என்றாள். “அவ ஒண்டே ஒண்டுதான் கேக்கிறா. அப்பாக்குக் கடைசியில வாய்க்குத் தண்ணி பருக்க ஒரு ஆள் இருந்ததா? இல்லாட்டித் தனியக் கிடந்தா போனவரு? அது தெரியாம என்னை அந்தத் தீவுக்கு அனுப்பமாட்டாவாம்.”

சொல்ல வாயெடுத்தேன். அது தொலைபேசியில் சொல்லும் கதையல்ல. “எழுதுறன் மகள்,” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் பக்கம் செத்த வீடு, முஸ்லிம்களான எங்கள் பக்கம் மையத்து வீடு. இரண்டிலும் பெண்கள் முதலில் கேட்பது இதைத்தானே? “தண்ணி பருக்கினது ஆரு?” பதில் கிடைத்தால் பாதி அழுகை அடங்கிவிடும். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவிக்கு அந்தப் பதில் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தது ஆணி அடித்த பெட்டி. திறக்கக் கூடாது என்ற உத்தரவு. கூட வந்திருக்க வேண்டிய நான் வரவில்லை.

நான் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டார்களா? அதே காய்ச்சலில் நானும் படுத்திருந்தேன். கடல் அடங்கி உன் பெட்டி போன படகில் காய்ச்சல்காரர் எவரையும் ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எழுந்து நடமாடி, விடுமுறை கிடைத்து ஊர் வந்ததும், என் வீட்டில் பையை வைத்துவிட்டு நேரே பாண்டிருப்புக்கு, உன் வீட்டுக்குத்தான் வந்தேன். உன் தம்பி வாசல் படலையில் நின்றான்.

“பெட்டியோட வராத ஆளுக்கு இப்ப என்ன வேல?” என்றான். “சோனகன்ட நாட்டுல, சோனகக் கூட்டாளி பக்கத்துல இருந்தும் எங்கட அண்ணன் அநாதையாச் செத்தான். போங்க சேர்.”

படலையில் வைத்த கையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அவனை நான் மன்னிக்கவில்லை. அதை இந்தக் கடிதத்தோடு கலக்கப்போவதுமில்லை.

என் ஊர் மட்டும் என்ன திறம்? அடுத்த நாள் தேநீர்க் கடையில் ஒரு ஹாஜியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மௌத்து நேரத்துல அவர இஸ்லாத்துக்கு எடுக்கக் கலிமாவச் சொல்லிக் குடுத்தீங்களா?”

“இல்ல ஹாஜியார்.”

“எவ்வளவு நல்ல சந்தர்ப்பம். விட்டுட்டீங்களே சேர்,” என்று சொல்லிவிட்டு, வடையைத் தேநீரில் தோய்த்தார்.

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நம் பொழுதுபோக்கே அதுதானே. பின்னேரம் படகுத்துறையில் உட்கார்ந்து நம் பகையாளிகளை வரிசையாக ஓதுவோம். நீ ஒரு பெயரைச் சொல்வாய். அவர் நமக்குச் செய்ததை நான் சொல்வேன். பள்ளி அதிபர் பதவிக்கான நேர்முகத்தில் நம்மை விழுத்தியவர்களில் தொடங்கி, நமக்கு அறை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரியில் முடிப்போம்.

அந்த வீட்டுக்காரியின் பெயரை நான் எழுதமாட்டேன். ஏன் என்று பிறகு உனக்கே விளங்கும். தீவில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிப்பதற்கு மழைத் தண்ணீர்தான். முற்றத்து மழைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள். நமக்கு ஒரு நாளைக்கு ஒரு கலன். நம் வயதுதான் அவளுக்கும். ஆனாலும் நீ அவளைக் கிழவி என்றுதான் சொல்வாய். “மச்சான், கிழவி மௌத்தானாலும் சாவியோடதான் போவா,” என்பாய்.

பிறகு காய்ச்சல் வந்தது. முதலில் பிள்ளைகள், பின் தாய்மார், கடைசியாக ஆசிரியர்கள். சுகாதார நிலையத்தில் இடமில்லாமல் பள்ளிக்கூடத்தில் கட்டில் போட்டார்கள். உனக்கும் எனக்கும் கிடைத்தது உன் கணித வகுப்பு. பலகையில் நீ பாதியில் விட்ட சமன்பாடு அப்படியே இருந்தது. “ஒருத்தனும் அழிக்கல்ல, ஒருத்தனும் செய்யவுமில்ல,” என்று இருமிக்கொண்டே ஏசினாய். பெரிய ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுபோக வேகப் படகு கேட்டோம். தென்மேற்குக் காற்றுக் காலம். கடல் விடவில்லை.

அப்போதுதான் வீட்டுக்காரி வந்தாள். தாங்கியைத் திறந்துவிட்டு, வகுப்பு வகுப்பாகக் குடத்தில் தண்ணீர் சுமந்தாள். அவள் வீட்டார் தடுத்தார்களாம். யார் பேச்சையும் கேட்கவில்லையாம்.

நீ ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாய். “மச்சான், கிழவி பூட்டத் திறந்திட்டாவா?”

“ஓம், திறந்திட்டா.”

“அப்ப நம்மட அலுவல் முடிஞ்சுது.”

நீ என்ன சொன்னாய் என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறைத் திவேகி மொழியில் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமுமில்லை. சுகமானால் நாளையிலிருந்து பழையபடி ஒரு கலன்தான், அதை அவரிடம் சொல் என்றாள். நான் சொன்னேன். நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, அந்த இருமல் நிற்க வெகுநேரம் பிடித்தது. இதையெல்லாம் தர்சினி அறிய வேண்டும். அவளுடைய அப்பா அந்தக் கட்டிலிலும் ஆளைச் சிரிக்கவைத்துக்கொண்டுதான் கிடந்தார்.

மறுநாள் மத்தியானத் தொழுகைக்கு ளுஹர் பாங்கு சொல்லி முடிந்த நேரம். உன் மூச்சு மாறிவிட்டது எனக்குத் தெரிந்தது. எழுந்து உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கரண்டியில் தண்ணீரை எடுத்தேன். குளிர்க் காய்ச்சலில் கை நடுங்கி, எல்லாம் சிந்தியது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் சிந்தியது. அப்போது அவள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்நிய ஆணின் கையை ஒரு பெண் பகலில், நாலு பேர் பார்க்கப் பிடிப்பது இந்தத் தீவில் சின்ன விசயமில்லை. கரண்டி என் கையில் இருந்தது. அதை ஆடாமல் வைத்திருந்தது அவள் கை. கொஞ்சம் உள்ளே போனது. கொஞ்சம் கழுத்தில் வழிந்தது. அதை அவள் தன் தலைத்துணியின் நுனியால் துடைத்தாள். நீ விழுங்கினாய். நான் பார்த்தேன்.

இதுதான் தங்கச்சிக்கு என் பதில். அவர் தனியக் கிடக்கவில்லை. தண்ணீர் பருக்க ஆள் இருந்தது. ஒரு சோனகனும் ஒரு சோனகத்தியும்.

இந்த வருசமும் காய்ச்சல் வந்திருக்கிறது, மச்சான். பள்ளிக்கூடம் பூட்டியாயிற்று. ஆனால் காலம் மாறியிருக்கிறது. ஊசி போட்டார்கள். படகு ஒன்று துறையிலேயே காத்து நிற்கிறது. உன் வகுப்பில் மறுபடி கட்டில் போட்டிருக்கிறார்கள். படுத்த எல்லோரும் எழும்பிப் போகிறார்கள். நேற்றும் உன் மாணவன் ஒருவன் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனான். நானும் இந்த முறை படுக்கவில்லை. குடம் சுமக்கிறேன். ஆம், நான்தான். ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு வேலையும் இவர்களுக்குச் செய்யமாட்டேன் என்று உன்னிடம் சத்தியம் செய்த அதே ஆள்தான்.

தர்சினி வரக்கூடும் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவளுக்குத் தண்ணீருக்கு அளவில்லை, சாப்பாட்டுக்கு மட்டும் வாடகையோடு சேர்த்துக் காசு வாங்குவேன் என்றாள். இன்று காலை பார்த்தால், உன் பழைய அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். தங்கச்சி சம்மதித்து உன் பிள்ளை வந்தால், துறையில் அவளை இறக்க நான் நிற்பேன். அவள் பாண்டிருப்புக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவளோடு கூடப் போவேன். உன் தம்பி படலையில் நின்றாலும் போவேன்.

இதைக் கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். இரண்டு ஊரின் நூலகத்துக்கும் அந்தப் பத்திரிகை போகிறது. அடியில் என் பெயர் இராது. நம் ஆட்கள் கடிதத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது அடியிலுள்ள பெயரைத்தான். எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு வாசிப்பது வேறு கடிதம். பெயரைத் தேடிக் காணாமல் மேலே போய் முதல் வரியிலிருந்து வாசிக்கட்டும். உன் வீட்டில் மட்டும் எழுதியது யாரென்று விளங்கும். அது போதும். உறையை ஒட்டிவிட்டேன். மத்தியானப் படகில் போகிறது.

இப்படிக்கு,
உன் மச்சான், உன் மகளுக்கு மாமா.