கல்பி வண்டிக்கு மூன்று நட்சத்திரம்

செப்டம்பர் 9, திங்கள்

இன்று எங்கள் சாப்பாட்டு வண்டிக்கு விடுமுறை. காலையிலிருந்து மான்சிக் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்து, நம் சாப்பாட்டைப் பற்றி ஜனங்கள் எழுதியதையெல்லாம் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறான். துணி மடிக்கிற இடத்துக்கும் பின்னாலேயே வந்து வாசிக்கிறான். கட்டிக்கொண்ட புருஷன், காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

ஒருத்தர் எழுதுகிறார்: "மேக்ரோனி சாலட்டில் ருசியே இல்லை." அடுத்தவர்: "அந்த மேக்ரோனி சாலட்டுக்காகவே ஆற்றைத் தாண்டி வருகிறேன்." இரண்டு பேரும் ஒரே நாள் சாப்பிட்டவர்கள். ஒரே பாத்திரம். அள்ளி வைத்தவள் நான்தான். இதில் யாரை நம்புவது?

இன்னொருத்தி: "இது ஹவாய்ச் சாப்பாடே இல்லை. அன்னாசி எங்கே? நாங்கள் தேனிலவுக்கு மௌயி தீவுக்குப் போயிருந்தோம்." நான் பிறந்தது, வளர்ந்தது, பள்ளிக்கூடத்தில் அடிவாங்கியது எல்லாம் ஹவாயில், வைப்பஹுவில். என் ஊர்ச் சாப்பாடு எதுவென்று இனி தேனிலவுக்குப் போனவளிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மான்சிக்கைக் குத்தியது வேறொன்று. கொரியாக்காரர் யாரோ எழுதியது: "மீட் ஜுன் என்று எதையோ தருகிறார்கள். கொரியாவில் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை." கேள்விப்பட்டிருக்க மாட்டார்தான். மாட்டிறைச்சியை மெல்லிசாகச் சீவி, இனிப்பு சோயாவில் ஊறவைத்து, முட்டையில் தோய்த்துப் பொரிப்பது எங்கள் தீவுக்கு வந்த கொரியர்களின் வழக்கம். கொரியாவின் தேகு நகரத்து மான்சிக் அதை என் ஊருக்கு வந்துதான் கற்றுக்கொண்டான்.

"உங்க ஊர்ல கத்துக்கிட்டு எங்க ஊர்க்காரன்கிட்ட திட்டு வாங்கறேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

ரோண்டா வந்தாள். வண்டிகள் நிற்கிற திடல் அவளுடையது. மழைக்காலத்துக்குக் கூரை போடுகிறாளாம். கீழே பெஞ்சுகள், கணப்பு எல்லாம் வருமாம். ஆனால் கூரைக்கடியில் மூன்று வண்டிக்குத்தான் இடம். அக்டோபர் கடைசியில் யாருக்கு நட்சத்திரம் அதிகமோ அவர்களுக்கு.

நமக்கு இப்போது மூன்றரை.

போன குளிர்காலம் இன்னும் மறக்கவில்லை. போர்ட்லண்ட் மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை இல்லை, வந்தால் மாசக்கணக்கில் உட்கார்ந்துகொள்கிற மழை. வண்டிக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. எங்கள் சோற்றை நாங்களே தின்றோம்.

ரோண்டா போனதும் மான்சிக் சொன்னான்: "இன்னொரு மழைக்காலம் வெட்டவெளியில நிக்க என்னால ஆகாது மோமி. இடம் கிடைக்கலைன்னா அண்ணன்கிட்டப் போயிடறேன். நீயும் வா." அவன் அண்ணனுக்கு டகோமா நகரத்தில் பெரிய மளிகைக்கடை. இறைச்சி வெட்டுகிற பக்கத்துக்கு ஆள் வேண்டுமென்று ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறார்.

நான் "சரி" என்றேன்.

ஏன் சரி என்றேன்? எனக்குச் சரியே இல்லை. இந்த வண்டி போனால் நான் யார்? அவன் அண்ணன் கடையில் கறிவேலைக்காரன் பெண்டாட்டி. அதைச் சொல்லாமல் சரி என்கிறது என் வாய்.

செப்டம்பர் 19, வியாழன்

வியாழக்கிழமை என்றால் யாங் பெரியவர் சாப்பிட வருவார். சியோல் நகரத்தில் ஏதோ அலுவலகத்தில் இருந்தவராம், இப்போது மகளோடு இங்கே. வந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"கிம்ச்சி இன்னும் புளிக்கல, முட்டைக்கோஸ் பச்சையாவே இருக்கு. சோறு குழைஞ்சுபோச்சு. மாட்டு விலாவைச் சுட்டுட்டா இதுக்குப் பேரு கல்பியா? எலும்பு மட்டும்தான் கல்பி மாதிரி இருக்கு."

மான்சிக் குனிந்து குனிந்து "ஆமாங்க, பார்த்துக்கறேங்க" என்கிறான். எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இப்படிப் பேச மாட்டார்கள். பிடிக்கவில்லையென்றால் "நல்லாருந்துச்சு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். அதுதான் மரியாதை.

இவரோ தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் திட்டுகிறார். அடுத்த வாரம் திரும்ப வருகிறார். பிடித்திருக்கிறதா, இல்லையா? மான்சிக்கைக் கேட்டேன். "பிடிக்காட்டி எதுக்குத் திட்டப்போறாரு?" என்றான். இது என்ன கணக்கோ.

செப்டம்பர் 24, செவ்வாய்

யாரோ "கல்பி உப்புக் கரிக்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள். மான்சிக் ஊறல் சோயாவில் இன்னும் ஒரு கை சர்க்கரை போட்டான்.

செப்டம்பர் 28, சனி

யாரோ "இன்னும் இனிப்பு இருக்கலாம்" என்று எழுதினார்களாம். இன்னும் ஒரு கை.

ஒரு துண்டு வெட்டி என் வாயில் வைத்தான். பல்லில் ஒட்டியது. "நல்லாருக்கா?" "நல்லாருக்கு." அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டான். எதற்கு அப்படிப் பார்த்தான்?

அக்டோபர் 3, வியாழன்

புது யோசனை. வண்டியின் ஜன்னலில் அட்டை எழுதி மாட்டிவிட்டான்: எங்களைப் பற்றி எழுதிக் காட்டினால் ஒரு ஸ்பாம் முசுபி இலவசம். டப்பா இறைச்சியைச் சோற்றின் மேல் வைத்துக் கட்டுகிற எங்கள் தீவு உருண்டை அது.

"எங்க ஊர்ல இது சாதாரணம். எல்லாக் கடையிலயும் உண்டு. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்றான்.

எனக்கு உடம்பே கூசியது. என்னைப் பாராட்டு, சோற்றுருண்டை தருகிறேன் என்று ஜன்னலில் எழுதி வைப்பதா? அம்மா பார்த்திருந்தால் அந்த அட்டையாலேயே என்னை அடித்திருப்பாள். மான்சிக்கிடம் சொல்ல வாயெடுத்தேன். அவன் அவ்வளவு சந்தோஷமாக முசுபிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தான்.

"சரி" என்றேன். மறுபடியும்.

அக்டோபர் 8, செவ்வாய்

அட்டை மாட்டிய பலன் வந்துகொண்டிருக்கிறது. படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது.

கொரியாக்காரப் பெண் ஒருத்தி: "இறைச்சி சர்க்கரைப்பாகு. கிம்ச்சி அவசரத்தில் போட்டது. என் அம்மாவாக இருந்தால் தட்டோடு திருப்பி அனுப்பியிருப்பார். ஐந்து நட்சத்திரம்."

கெஹாவ் ஆன்ட்டி, ஹவாயில் ஹிலோ ஊரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், வெறுங்கையோடு ஒரு நாளும் வண்டிக்கு வந்ததில்லை. வாழைப்பழ ரொட்டியாவது உப்புப் பிளம்ஸாவது கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் சாப்பாடு கேட்பார். அவர் எழுதியிருப்பது: "வீட்டு ருசி. காரில் உட்கார்ந்து சாப்பிட்டு அழுதுவிட்டேன். மூன்று நட்சத்திரம்."

மூன்றா? அழுததற்கு மூன்றா? அவர் மட்டுமில்லை. தீவுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். வார்த்தையைப் படித்தால் நெஞ்சு நிறைகிறது, நட்சத்திரத்தைப் பார்த்தால் அடி விழுகிறது.

இந்த ஊர்க்காரன் ஒருவன்: "சாப்பிடவில்லை. அடுப்புச் சத்தத்தில் என் நாய் பயந்துவிட்டது. ஒரு நட்சத்திரம்." அதைக் காட்டி முசுபியும் வாங்கிக்கொண்டு போனான். கொடுத்தது யார்? நான்தான். நாய்க்கும் பாதி கொடுத்தான். நாய் பயந்த மாதிரியே தெரியவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

கெஹாவ் ஆன்ட்டியைக் காணவே காணோம். தீவுக்காரர்கள் யாரையுமே அதிகம் காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையோ? எல்லோருக்குமா?

அக்டோபர் 19, சனி

காலையில் அரிசி வாங்கப் போன இடத்தில் கெஹாவ் ஆன்ட்டி. என்னைப் பார்த்ததும் மீன் பக்கம் நழுவப் பார்த்தார். பிடித்துவிட்டேன்.

"என்ன ஆன்ட்டி, ஆளையே காணோம்?"

"முட்டி வலிம்மா. நடக்க முடியல."

மூன்று தெரு நடந்து மீன் வாங்க வந்திருக்கிறார். அந்தப் பொய் எனக்குத் தெரியும். நானும் அந்தப் பொய்யைச் சொல்லியே வளர்ந்தவள். எங்கிருந்தோ தைரியம் வந்தது, கேட்டுவிட்டேன்: "மூணு நட்சத்திரம் போட்டீங்களே ஆன்ட்டி, என் மேல ஏதும் வருத்தமா?"

அவர் திகைத்துப்போனார். "மூணு குறைச்சலா? மூணுன்னா நல்லாருக்குன்னுதானே. அஞ்சைப் போட்டு உன்னைத் தூக்கி உச்சாணியில வச்சா, பாரு இவளுக்குத் தலைக்கனம்னு நம்மாளுங்க பேசமாட்டாங்களா? உனக்கு ஆகாதுன்னுதான்டி கண்ணு மூணு போட்டேன்."

அவர் மீன் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"முட்டி வலியும் இல்ல, ஒண்ணுமில்ல. நான் மனசார எழுதினேன். எழுதி முடிச்ச கையோட உன் புருஷன் முசுபியைத் திணிச்சாரு பாரு. கூலி குடுத்த மாதிரி இருந்துச்சு. மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. அதான் வரல."

எனக்குத் தெரியாதா இது? அரிசி கழுவிக்கொண்டிருந்தவனின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேனே. வெட்கமாக இருக்கிறது. அழுகை வருகிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

மான்சிக் வருவதற்கு முன்பே அட்டையைக் கழற்றிவிட்டேன். வந்தவன் ஜன்னலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இன்னும் பத்து நாள்தான் இருக்கு. இப்பப் போய் ஏன் கழட்டினே?"

"எங்க ஆளுங்களுக்கு வெக்கமா இருக்காம்."

"உங்க ஆளுங்களுக்கு வெக்கம். எனக்கு மழை" என்றான். "மாட்டும்போதே சொல்லியிருக்கலாமில்ல? சரின்னியே."

சொல்லத்தான் இல்லையே நான். நாள் முழுக்க அவன் கரண்டிதான் பேசியது. டங்கு டங்கென்று.

அக்டோபர் 31, வியாழன்

கூரைக்கடியில் வாஃபிள் வண்டி, தாய்லாந்து நூடுல்ஸ் வண்டி, சீஸ் ரொட்டி வண்டி. நாங்கள் இல்லை. மூன்றரைக்கும் கீழே இறங்கிவிட்டோம்.

ரோண்டாவுக்கே சங்கடம். "எழுதியிருக்கறதைப் படிச்சா கண்ணுல தண்ணி வருது. நட்சத்திரத்தைப் பார்த்தா ஏதோ பழைய சோறு போட்ட மாதிரி இருக்கு. உங்க சாப்பாடு நல்லாருக்கா இல்லையான்னு எனக்கே புரியல" என்றாள். எனக்கும்தான் புரியவில்லை ரோண்டா.

நவம்பர் 1, வெள்ளி

மான்சிக் அண்ணனிடம் பேசிவிட்டான். அடுத்த ஞாயிறு கிளம்புகிறானாம். வண்டியை விற்கிறவரை நான் இங்கே இருந்துவிட்டு வரலாமாம். எனக்குக் கேட்காத தூரத்தில் போய்ப் பேசினான், ஆனால் கேட்டது.

"சரியா?" என்று வந்து கேட்டான்.

தலையாட்டினேன். எனக்கு என்னதான் ஆயிற்று.

நவம்பர் 5, செவ்வாய்

இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் வண்டிக்குள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். வெளியே மழை. அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான்: "நீ ஒண்ணும் சொல்லலியே மோமி."

"எதைப் பத்தி?"

"என் சமையலைப் பத்தி. யார் யாரோ சொன்னதெல்லாம் படிச்சேன். நாயைக் கூட்டிட்டு வந்தவன் சொன்னதைக்கூட விடாம படிச்சேன். நீ இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"தினம் சொல்றேனே, நல்லாருக்குன்னு."

"உங்க ஊர்ல பிடிக்காதவங்களும் அதைத்தானே சொல்வாங்க? நீயேதானே சொன்னே. அப்ப உனக்குப் பிடிச்சிருக்கா, இல்லையா? நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? அதுக்குத்தான் அந்தக் கைப்பேசியைக் கட்டிக்கிட்டு அழறேன்."

பூண்டு கையிலிருந்து விழுந்துவிட்டது. அப்புறம் நான் பேசினேனா, என் வாய் தானாகப் பேசியதா தெரியாது.

கல்பி நல்லால்ல, ஒன்றரை மாசமாவே நல்லால்ல, மிட்டாய் மாதிரி இருக்கு, எவனோ உப்புன்னான்னு சர்க்கரையை அள்ளிக் கொட்டினே, என்னால ஒரு துண்டு முழுங்க முடியல, அந்த அட்டையும் எனக்குப் பிடிக்கல, டகோமாவும் பிடிக்கல, நான் சரின்னதெல்லாம் சரியே இல்ல, மீட் ஜுன் எங்க ஊர்ல செய்றவங்களைவிட நீ நல்லா செய்வே, அதைச் சாப்பிட்டுத்தான் உன்னைக் கட்டிக்கணும்னு தோணிச்சு, அதையும் சொன்னதில்ல, நீ போகாதே.

இவ்வளவும் ஒரே மூச்சில்.

அவன் எழுந்தான். ஊறிக்கொண்டிருந்த கல்பிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான். போச்சு, கதை முடிந்தது என்று உட்கார்ந்திருந்தேன். முகத்துக்கு நேரே அவன் சமையலைத் திட்டிவிட்டேன். எங்கள் ஊரில் அதற்குப் பிறகு முகத்தில் முழிக்க முடியாது.

கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தோடு திரும்பி வந்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். புது இறைச்சியை எடுத்து வைத்தான். ஊறலுக்குப் பேரிக்காயைத் துருவினான்.

"முன்னாடி சர்க்கரை எவ்வளவு போட்டேன்?"

"நீதானே போட்டே. எனக்கென்ன தெரியும்?"

"எனக்கு மறந்துபோச்சு. நீ ருசி பாரு. நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாதே."

கரண்டி கரண்டியாக ஊறல் சோயாவை நக்கிப் பார்த்தேன். இல்லை என்றேன். இல்லை. இன்னும் பூண்டு. இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் அவன் முகம் தெளிந்துகொண்டே போகிறது. இது என்ன ஜாதி மனுஷன்?

மத்தியானம் அண்ணனைக் கைப்பேசியில் கூப்பிட்டான். "இறைச்சி ஊறவச்சிருக்கேன்ணே. இப்ப வர முடியாது" என்றான். அவர் எதையோ சத்தமாகச் சொன்னார். இவன் "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்று சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

மழை. காற்று வேறு. வண்டிக்கு முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

நான் செய்த பன்றிக்கறியில் உப்பு தூக்கல் என்றான் மான்சிக். வெடுக்கென்றிருந்தது. மத்தியானம் வரை அவனோடு பேசவில்லை. அப்புறம் அவன் திரும்பியிருந்தபோது உப்பை இழுக்கட்டும் என்று கறியில் இன்னும் கொஞ்சம் முட்டைக்கோஸ் நறுக்கிப் போட்டேன்.