பாதாம் பிஸ்கட்டில் சொல்லாமல் விட்டது

அண்ணாச்சி,

நேற்று உங்கள் முதல் திதி. சால்ட் லேக் வீட்டுக்குள் நுழைந்ததும், படத்துக்கு முன்னால் போட்டிருந்த இலை கண்ணில் பட்டது. சோறு, பருப்பு, அவியல், வடைக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பும் பச்சையுமாக நான்கு பிஸ்கட் வில்லைகள். மதினி நியூ டவுன் கடையைத் தேடிப் பிடித்து வாங்கி வந்திருந்தார்.

போன வருஷம் ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் எதை வைத்தாலும் தட்டைத் தள்ளினீர்கள். நம் அலிப்பூர் ஆபீஸில் என் டிபனையும் சேர்த்து முடித்த மனிதர். முட்டை வெள்ளையாவது சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். "மீனில்லாம சோறு திங்காத ஊர்ல முப்பது வருஷம் தப்பிச்சிட்டேன், இனிமேலா?" என்று சிரித்தீர்கள்.

மறுநாள் நான் அந்த நியூ டவுன் கடையிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தேன். ஒரு வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சைவந்தானவே?" என்றீர்கள்.

"மைதாவே கிடையாது அண்ணாச்சி, பாதாம் மாவு. பிரெஞ்சுக்காரன் பிஸ்கட்டு."

கேட்டதற்கு அது பதிலே இல்லை. பெயரையும் வேண்டுமென்றே மறைத்தேன். மக்ரோன் என்றிருந்தால் எங்கள் தூத்துக்குடி மக்ரூன் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். அதில் முந்திரி, இதில் பாதாம். இரண்டையும் பொங்கவைப்பது அடித்த முட்டை வெள்ளைதான். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூனை நீங்கள் ஒரு நாளும் தொட்டதில்லை.

போதாததற்குச் சரித்திரம் வேறு அளந்தேன். இத்தாலியிலிருந்து பிரான்சுக்குப் போனதாம், இரண்டு வில்லைக்கு நடுவே கிரீம் வைத்து ஒட்டுவது பின்னாளில் பாரிஸில் வந்த பழக்கமாம். கேட்டுக்கொண்டே மூன்று தின்றீர்கள். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சத்துக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதில் சர்க்கரைதான் தூக்கல். பாதாமில் நல்ல கொழுப்பும் கொஞ்சம் புரதமும் உண்டு. முட்டையால் ஒரு வில்லைக்குக் கிடைப்பது கடுகளவு. அதற்காக உங்கள் ஆயுள்காலச் சைவத்தைக் கெடுத்தேன். வாரம் ஒரு பெட்டியாக நான்கு வாரம். அப்புறம் நீங்கள் இல்லை.

நேற்று வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் உங்கள் இலையிலும் அதை ஒளித்துவைக்க மனம் வரவில்லை.

"மதினி, அதுல முட்டை இருக்கு."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல."

மதினி கோபப்படவில்லை. இலையை எடுத்துவிட்டு, கை கழுவி, வேறு இலை போட்டு, சோற்றிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி வைத்தார். பூசை முடிந்து எனக்குப் பரிமாறும்போதுதான் பேசினார்.

"கடைசியில அவுக ஆசையா தின்னது அது ஒண்ணுதான்னு, கேட்டவுக எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருந்தேன். இனி அதையும் சொல்ல முடியாதுல்லா?"

உங்களை ஏமாற்றியது ஒரு வருஷமாக உறுத்துகிறது. மதினியிடம் உண்மையைச் சொன்னது உறுத்துவது நேற்றிலிருந்துதான். ஆனாலும் இதுதான் அதிகமாக உறுத்துகிறது, அண்ணாச்சி.