கதவு திறந்திருக்கிறது என்று எழுதிய தம்பிக்கு

சேலையூர்,
சனிக்கிழமை

அன்புள்ள தம்பி எபிக்கு,

ஈவ்லின் அக்கா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் நம் வீட்டு ஹாஸ்டல் பெண்களும் சுகம். என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. போனில் கூப்பிட்டால் "அக்கா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். டெல்லி வெயிலில் நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கேயும் வெயில் மண்டையைப் பிளக்கிறது. தண்ணீர் லாரிக்காரன் வருகிறேன் வருகிறேன் என்றே என்னைச் சாகடிக்கிறான். சமையல் முனியம்மா வேலையை விட்டு நிற்கப்போவதாக வழக்கம்போல மிரட்டுகிறாள். தாராளமாகப் போ என்று நானும் சொல்கிறேன். மறுநாள் காலையில் இட்லிப் பானையோடு நிற்கிறாள்.

மாடி அறை லிடியாவை உனக்கு நினைவிருக்கும். கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடினாளே, அவள்தான். அவள் நாட்டின் பெயரை எழுதமாட்டேன், இந்தக் கடிதம் உன் ஆபீஸ் மேசையில் கிடக்குமல்லவா. பட்டாளம் ஆட்சியைப் பிடித்த நாடு, உனக்கு அது போதும். இங்கே காலேஜில் படிக்க வந்தவள், தமிழை முனியம்மாவிடம் கற்றுக்கொண்டாள். "இன்னாக்கா, டென்ஷனா கீற?" என்று அவள் கேட்டால் எனக்கு எந்தக் கோபமும் நிற்பதில்லை.

மார்ச் மாதம் நம் வெளியுறவு அமைச்சர் ஐ.நா. சபையில் அவள் நாட்டைப் பற்றிப் பேசினார். "துன்பப்பட்டு வரும் அந்த மக்களுக்கு எங்கள் கதவு என்றைக்கும் திறந்திருக்கும்" என்றார். உடனே நீ போன் செய்து, அந்த வரி நீ எழுதிக் கொடுத்தது என்றாய். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த ஞாயிறே உன் பெயரில் ஸ்தோத்திர காணிக்கை போட்டேன். நம் போதகர் வேதசிரோமணி ஐயர் அறிவிப்பு வேளையில் உன் பெயரைச் சொல்லி அந்த வரியை வாசித்தார். எபி, நீ பார்த்திருக்க வேண்டும்! யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. முதலில் லிடியா எழுந்தாள். பிறகு வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், ஆலயம் முழுவதும் எழுந்து நின்றது. நான் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பின பிள்ளையின் ஒரு வரிக்கு இவ்வளவு பேரா என்று எண்ணிக்கொண்டே நானும் எழுந்தேன்.

அந்த நேரத்தில் லிடியாவுக்கு மலேசியாவில் ஒரு காலேஜில் இடம் கிடைத்திருந்தது. வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டாள். கதவு திறந்திருக்கும் என்று எபி அண்ணனே சொல்லிவிட்டாரே, இனி எங்கே போவது என்றாள். நானும் தலையாட்டினேன்.

போன மாதம் விசாவை நீட்டிக்க ஆபீசுக்குப் போனோம். பேப்பரில் வந்த உன் வரியை வெட்டி, தாம்பரத்து ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து எடுத்துப் போனேன். சிரிக்காதே. அதிகாரி நல்ல மனிதர், முழுவதும் படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "அம்மா, இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க கேக்கறதுக்காகப் பேசறது. அந்த நாட்டுக்காரங்க யாருக்கும் எக்ஸ்டென்ஷன் தராதீங்கன்னு மார்ச்சுக்கு முன்னாடியே வாய்மொழியா சொல்லிட்டாங்க" என்றார். வாசலில் வைத்து உனக்குப் போன் செய்தேன். "அக்கா, ஸ்டேட்மென்ட் வேற, பாலிசி வேற" என்றாய். அப்படியானால் தெரிந்தே எழுதியிருக்கிறாய்! அடேயப்பா எபி, எனக்குக் கோபம்கூட வரவில்லை, மலைத்துப்போய் நின்றேன். பொய் என்று தெரிந்த ஒன்றை இவ்வளவு அழகாக எழுத ஒரு மனிதனால் முடியுமா?

அதற்கு அடுத்த வாரம் டிவியில் உன்னைப் பார்த்தோம். அந்த நாட்டு ஜெனரல் டெல்லிக்கு வந்திருந்தார். சிவப்புக் கம்பளம், பூச்செண்டு. அவருக்குப் பின்னால் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நீ, நான் வாங்கித் தந்த நீல டையில். லிடியாவின் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனது அவருடைய பட்டாளம்தான். இன்றுவரை அவன் உயிரோடிருக்கிறானா என்றே தெரியாது. அவள் முகமும் போராட்ட வீடியோவில் இருக்கிறது, ஊரில் போய் இறங்கினால் ஏர்போர்ட்டிலேயே பிடிப்பார்கள். அவள் உன்னைத் திட்டுவாள் என்று பயந்தேன். டிவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணன் இளச்சிப் பூட்டாரு" என்றாள்.

இந்தப் புதன்கிழமை ஜெபக்கூட்டம் நம் வீட்டில். அவளுக்காக ஜெபிக்கலாம் என்று ஐயர் சொன்னார். லிடியா, நான் ஜெபிக்கிறேன் என்று எழுந்தாள். "ஆண்டவரே, எபி அண்ணனுக்கு பயமா கீது. அத்த எடுத்துடு" என்றாள். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். தனக்கென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தமிழுக்கு வழக்கமாகச் சிரிக்கிற பிள்ளைகள்கூட அன்று சிரிக்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற முனியம்மா, மாரியம்மன் தவிர யாரையும் கும்பிடாதவள், கையெடுத்துக் கும்பிட்டாள். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இப்படி ஒரு ஜெபம் கேட்டதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமையோடு விசா முடிகிறது, அவள் கிளம்பியாக வேண்டும். யாரிடம் போய் நிற்க வேண்டும், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். உனக்கு ஜெனிவா போஸ்டிங் வருகிற நேரம் என்பதும், நீ வாயைத் திறந்தால் அது என்னவாகும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. வேலைக்கே ஆபத்து வந்தாலும் கீழே அப்பாவின் அறை அப்படியே இருக்கிறது, நேற்றுதான் கூட்டிவிட்டேன். உனக்கும் சேர்த்து உலை வைக்க முனியம்மாவிடம் சொல்லிவிட்டேன். "வரட்டும், இளச்ச ஒடம்ப தேத்திடலாம்" என்கிறாள். மாடி அறையைத்தான் என்னால் காலியாகப் பார்க்க முடியாது.

உன் உடம்பும் மனசும் சுகமாயிருக்கட்டும் தம்பி. லிடியா உனக்காகக் கேட்டதையே நானும் முழங்கால் வலியோடு தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா,
ஈவ்லின்